பாய் வெளியே இருமுகிறார்

தொண்டைக்குள் எறும்பு ஊர்கிறது. முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் இப்படிச் சொல்லக் கூடாது. தொண்டையில் எறும்பு ஊர வழியில்லை, ஊர்வதுபோல இருப்பது வீங்கிப்போன சவ்வின் வேலை. ஆனால் எறும்பு என்றால் விழுங்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதனால் எறும்பாகவே இருக்கட்டும். விழுங்குகிறேன். போகவில்லை. இன்னொரு தடவை. இப்போது இருமினால் தீர்ந்துவிடும், ஒரே ஒரு இருமல், சின்னதாக, செருமல் என்றுகூடப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பெனிட்டாவின் குழந்தை படுத்திருக்கிறது, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு. அதற்கு அந்தப் பக்கம் பாயில் பெனிட்டா வாயைத் திறந்து தூங்குகிறாள். கட்டில் ஓரத்தில் என் மனைவி கோமளம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். சுவரில் ஏசி தன் பாட்டுக்கு மூச்சு விடுகிறது. நான்தான் விடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். தண்டனை பெற்ற மாணவன் போல. அந்த ஒப்புமை வேண்டாம், அது மிகச் சரியாக இருக்கிறது.

வெளியே கத்திரி வெயில். இந்தக் கட்டடத்தில் ஏசி இருப்பது எங்கள் வீட்டில் மட்டும், அதிலும் இந்த ஓர் அறையில் மட்டும். கத்திரி பிறந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேல்மாடிக்காரர்கள் இறங்கி இங்கே வந்துவிடுவது வழக்கம். பெனிட்டா மூன்றாம் மாடி, தலைக்கு மேலேயே மொட்டைமாடித் தளம், சுவரைத் தொட்டால் இட்லிக் கொப்பரையைத் தொட்டதுபோல இருக்கும். காசிம் பாய் மொட்டைமாடியிலேயே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகன் எங்கோ வளைகுடாவில். வரும்போது நுங்கு வாங்கிக்கொண்டு வருவார். என்னைப் பார்த்ததும் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திவிட்டுத்தான் உட்காருவார். தினமும் பார்க்கிற ஆளுக்குத் தினமும் இப்படி எதற்கு என்று கேட்டால், தினமும் பார்க்கிறோமே அதற்குத்தான் சார் என்பார். அந்தக் கைகளை இப்போது நினைக்க வேண்டாம். கீரையை நினைக்கிறேன். கோமளம் உருவி உருவிப் போடுகிற கீரை, அதன் பச்சை வாசனை. வாசனை வருகிறதா? வரவில்லை. நேற்றிலிருந்தே வரவில்லை. காலையில் காபியும் வெந்நீராகத்தான் இருந்தது. அதற்குப் புகைதான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

புகை என்னவோ உண்மை. குப்பைமேடு ஒரு வாரமாக எரிகிறது. அணைத்துவிட்டோம் என்கிறார்கள், அது உள்ளுக்குள் கனன்று, காற்று திரும்பும்போதெல்லாம் இந்தத் தெரு முழுக்கக் கருகிய ரப்பர் நாற்றத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. போதாதற்கு நாள் முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள். அதனால் ஜன்னலை அடைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பிரவுன் டேப்பை வாங்கி வந்து, ஸ்டூலில் ஏறி, கோமளம் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, இடுக்கு இடுக்காக விரலால் நீவி நீவி ஒட்டினேன். ஒட்டிக்கொண்டே வகுப்பும் எடுத்தேன். மூக்குக்குள்ளும் மூச்சுக்குழாய்க்குள்ளும் குற்றிழைகள் என்று இருக்கின்றன கோமளம், ஓயாமல் பெருக்கிக்கொண்டே இருக்கும் துடைப்பம் மாதிரி, உள்ளே வருகிற தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும், இந்தப் புகைப்பொடி பட்டால் துடைப்பம் படுத்துவிடும், அப்புறம் எந்த வைரஸும் கதவைத் தட்டாமல் உள்ளே வரலாம். ஸ்டூலைப் பார்த்து இறங்குங்க என்றாள் அவள். அவளுக்கு அறிவியல் ஆர்வம் குறைவு, ஆனால் நான் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள்.

அடைத்த அறைக்கு ஒரு சட்டம் வேண்டும் என்பதும் என் யோசனைதான். குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். இந்த மாதிரி ஏசி வெளிக்காற்றை ஒரு துளிகூட உள்ளே விடாது, இருக்கிற காற்றையே குளிரவைத்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும், ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் வாங்குகிறார், ஆகவே காய்ச்சலோ இருமலோ இருப்பவர்கள் அறைக்குள் வரக்கூடாது. பின்வரிசையிலிருந்து ஒருவர், வெயில்ல கிருமியெல்லாம் செத்துடும்ல சார் என்று கேட்டார். சாகும், ஆனால் வெயிலில் நின்றால்தானே, கிருமியும் நம்மோடு ஏசிக்குள் வந்துவிடுகிறதே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன். பேராசிரியர் நல்லபெருமாள் சொன்னால் அதில் ஒரு அர்த்தம் இருக்கும் என்று யாரோ சொன்னது மாடிப்படியில் இறங்கும்போது என் காதில் விழுந்தது. விழட்டும் என்று நானும் மெதுவாகத்தான் இறங்கினேன்.

முந்தாநாள் வங்கிக்குப் போயிருந்தேன். அங்கே எந்த வேலையும் இல்லாதவர்கள் பாதிப்பேர், குளிருக்காக நின்றவர்கள், நானும் என் வேலை முடிந்த பிறகு அவர்களில் ஒருவன். பின்கழுத்தில் ஈரமாக ஒரு தும்மல் பட்டது. திரும்பிப் பார்த்தேன், கூரியர் பை மாட்டிய ஓர் ஆள், காலையிலிருந்து புகையில் வண்டி ஓட்டிச் சிவந்த கண்கள், சாரி சார் என்றார். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு திருப்தி வந்தது. வெயில் எல்லாரையும் ஒரே அறைக்குள் துரத்துகிறது, புகை எல்லார் மூக்கையும் புண்ணாக்கி அனுப்புகிறது, மிச்சத்தை ஒரு தும்மல் பார்த்துக்கொள்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நல்ல உதாரணம் என்று நினைத்தேன். உதாரணம் என் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்று காலை குளியலறையில் கதவைத் தாழிட்டு, நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு நின்றேன். அது பீப் அடிக்கும் என்பது ஞாபகம் வந்ததும் குழாயைத் திறந்துவிட்டேன், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அமுங்கிப்போகட்டும் என்று. அறுபத்தெட்டு வயதில், சொந்த வீட்டில், ஒரு பீப்புக்குப் பயந்து. நூற்றொன்று. குழாயில் வருவதே வெந்நீர், சுவர் கொதிக்கிறது, தெர்மாமீட்டரும் அலமாரியில் வெந்துகிடந்திருக்கும், அது என் சூடு இல்லை, அறையின் சூடு என்றேன். யாரிடம்? கண்ணாடியிடம். இதையே முதலாமாண்டு மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையில் பெரிதாகச் சுழித்திருப்பேன். ஆனால் பாருங்கள், கத்திரியில் காய்ச்சலுக்கு எவ்வளவு வசதி. யார் நெற்றியைத் தொட்டாலும் சுடுகிறது, யார் முகமும் சிவந்திருக்கிறது, எல்லாருக்கும் உடம்பு வலி, எல்லாருக்கும் தூக்கமில்லை. இருமினால் புகை, மூக்கு ஒழுகினால் புகை. வெயில் காய்ச்சலை மூடிக்கொள்கிறது, புகை இருமலை மூடிக்கொள்கிறது, நடுவில் கிருமி நல்ல பிள்ளையாக வீடு வீடாகப் போய்வருகிறது. அருமையான வாக்கியம். இதைக் கூட்டத்தில் சொல்லலாம். இந்த நிலையிலும் எனக்குக் கூட்டம் ஞாபகம் வருகிறது.

குழந்தை கையை ஆட்டுகிறது. ஜெரோம் என்று பெயர். நாள் தவறிப் பிறந்தது, அதாவது முன்னாலேயே, நுரையீரல் பழுக்காமல். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், சளி மட்டும் பிடிக்காம பாத்துக்கங்கம்மா, பெரியவங்களுக்கு வெறும் மூக்கடைப்பு, இவனுக்கு அப்படி இல்ல என்று சொன்னதாகப் பெனிட்டா எங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, வருகிற ஒவ்வொரு நாளும் சொல்கிறாள், பயத்தைச் சொல்லித் தேய்த்துவிடலாம் என்பதுபோல. சட்டத்தைக் கேட்டு இந்தக் கட்டடத்தில் அதிகம் மகிழ்ந்தவள் அவள்தான். இன்றைக்கும் வந்ததும் பாயை விரித்து, குழந்தையை என் பக்கம் கிடத்தினாள். "அங்கிள் கண்ணெதிர்ல இருந்தான்னா எனக்குப் பயமில்ல. ஒரு பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கவா அங்கிள்?" நான் என்ன சொன்னேன்? தூங்கும்மா என்றேன். நல்ல குரலில் சொன்னேன். தொண்டை கட்டியிருந்ததால் குரல் கொஞ்சம் கம்பீரமாகக்கூட இருந்தது. ராத்திரியெல்லாம் மூன்றாம் மாடியில் ஈரத்துணியால் குழந்தைக்கு ஒற்றிக்கொண்டே இருந்தவள், தலை பாயில் படுமுன்பே தூங்கிவிட்டாள்.

எழுந்து போகலாம். எழுந்து, கோமளம், எனக்குக் காய்ச்சல், நான் ஹாலில் படுக்கிறேன் என்று சொல்லலாம். ஹால் மேற்குப் பார்த்தது, ஃபேன் போட்டால் அடுப்புக்குள்ளிருந்து ஊதுவதுபோல ஊதும், இந்த உடம்போடு அங்கே கிடந்தால் இருதயம் என்ன ஆகும் என்று ஒரு பயம். இது நியாயமான பயம், மருத்துவரிடம் கேட்டாலும் ஆமாம் என்பார். அதனால்தான் இதை முன்னால் நிறுத்திவைத்திருக்கிறேன், இதன் பின்னால் நிற்பதை யாரும் பார்க்காமல் இருக்க. பின்னால் நிற்பது என்ன? சட்டம் போட்டவனே என்று நாலு பேர் சிரிப்பார்கள். அவ்வளவுதான். ஒரு குழந்தையின் நுரையீரலைத் தராசின் ஒரு தட்டிலும் நாலு பேர் சிரிப்பை மறு தட்டிலும் வைத்துவிட்டு, முள்ளைப் பார்க்காமல் கீரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலமாரியில் முகக்கவசம் இருக்கிறது, மூன்று அடியில், போட்டுக்கொண்டால் பாதி பாவம் குறையும். ஆனால் அறைக்குள் எதற்கு அது என்று கோமளம் கேட்பாளே. புகை வாசனை வருகிறது என்று சொல்லலாம். நான் ஒட்டிய டேப்பைத் தாண்டியா என்பாள். கரண்ட் போனால் நன்றாக இருக்கும். கரண்ட் போனால் எல்லாருமே எழுந்து ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும், நான் வாயே திறக்காமல் நல்லது நடந்துவிடும். போகட்டும், இப்போதே போகட்டும் என்று வேண்டிக்கொண்டு ஏசியின் பச்சை விளக்கைப் பார்க்கிறேன். அந்தக் குழந்தை வியர்த்துக் கதற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், என் மரியாதை தப்பிப்பதற்காக.

"என்னங்க, மூஞ்சி ஏன் செவந்து கெடக்கு?" கோமளம் கீரையிலிருந்து தலை தூக்காமல் கேட்கிறாள்.

"கத்திரி."

"ஏசிக்குள்ள ஏது கத்திரி?" காம்பை ஒடித்துத் தட்டில் போடுகிறாள். "ரெண்டு நாளா பேச்சும் கம்மி. அது நல்லதுதான், ஒண்ணும் சொல்லல."

வெளியே பாய் இருமுகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் ஹால், அதைத் தாண்டி மாடிப்படி வளைவு, அங்கே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை நுங்கோடு வந்தவர் வாசலிலேயே ஒரு தடவை இருமினார், இருமிவிட்டுத் தானே நின்றுகொண்டார். சார் சட்டப்படி நான் அவுட்டு என்று சிரித்தார். நுங்கைக் கோமளத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து படியில்தான், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, காற்றுக்காக விட்ட ஓட்டைச் செங்கல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. அது என்ன இருமல் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, காற்று குப்பைமேட்டுப் பக்கமிருந்து வரும்போது மட்டும் வருகிற வறட்டு இருமல், கரித்தூசியில் வருடக்கணக்காக கிரேன் ஓட்டிய நுரையீரல் புகையைக் கண்டு முறைக்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம், பாய், இது அந்தக் கணக்கில் வராது, உள்ளே வாங்க என்று. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஒருவர் விலக்குக் கேட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதுகூட இல்லை. என் சொல்லுக்கு ஒருவர் கட்டுப்பட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எந்தக் கண்ணாடியிடமும் சொல்ல முடியாது. ஆக, ஒட்டாத இருமல் வெளியே வேகிறது, ஒட்டுகிற காய்ச்சல் உள்ளே குளிர்காய்கிறது.

மறுபடி இருமுகிறார். இந்தத் தடவை நிற்காமல். கோமளம் கையை நிறுத்திவிட்டாள். "பாவங்க அந்த மனுஷன். இந்த வெயில்ல ஏதாச்சும் ஆயிடப் போவுது. கூப்பிடுங்களேன்."

பெனிட்டா விழித்துக்கொண்டாள். முதலில் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு இருமலைக் கேட்டாள். எழுந்து உட்கார்ந்து முடியை அள்ளிக் கட்டிக்கொண்டே, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல மெதுவாக, "எனக்கும் மனசு கேக்கல ஆன்ட்டி. அவர் எம்புள்ளைக்காகத்தான வெளிய உக்காந்திருக்காரு" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அது வெறும் புகை இருமல்தானா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கூப்பிட்டு வந்துடறேன்."

கேள்வி இவ்வளவு எளிதாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல். பதில் தெரிந்த கேள்வி, உலகத்தில் எனக்கு உறுதியாகப் பதில் தெரிந்த ஒரே கேள்வி. ஆனால் பாய் உள்ளே வந்தால் முதலில் என்ன செய்வார்? என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்துவார். கிரேன் எஞ்சினைத் தொட்டே அதன் சூட்டைச் சொன்னவர், என் கைச் சூடு தெரியாமலா போகும்.

"எதுக்கும் வேண்டாம்மா," என்றேன்.

பெனிட்டா தலையாட்டினாள். நம்பிவிட்டாள். மறுபடி படுத்துக் குழந்தையின் பக்கம் ஒருக்களித்துக்கொண்டாள், பாயை வெளியே வைத்த குற்றத்தையும் தன் மேலேயே போட்டுக்கொண்டு. கோமளம் என்னைப் பார்த்தாள். கீரைக்குத் திரும்பவில்லை. குழந்தை என் ஆட்காட்டி விரலைப் பிடித்துவிட்டது. நான் எப்போது கையை நீட்டினேன் என்று தெரியவில்லை. பிடித்து, வாய்க்குக் கொண்டுபோகிறது. பலமில்லாத பிடிதான், ஆனால் உருவ உருவ விரல் வர மாட்டேன் என்கிறது. ஈறுக்கு ஒரு நூல் முன்னால் இழுத்துக்கொண்டேன். தொண்டையில் எறும்பு புரண்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தேன். விரித்திருந்த பாய் காலைத் தடுக்கியது, தட்டு தடுக்கியது, கீரை சிதறியது, கதவைத் திறந்து, வெளியே வந்து, சாத்தி, ஹாலைக் கடந்து, வாசலைத் தாண்டிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். இத்தனை நேரம் அடக்கிவைத்ததெல்லாம் வந்தது. பாயுடைய இருமல் மாதிரி இல்லை அது. ஈரமாக, கனமாக இருந்தது. யார் கேட்டாலும் வித்தியாசம் தெரியும்.

கைப்பிடி சுட்டது. புகை நாற்றம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் கண் எரிந்தது. பாய் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னா சார், கரண்டு போச்சா?" என்றார், வந்து, வழக்கம்போல என் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள் வைத்தார். அழுத்தவில்லை. அப்படியே வைத்திருந்தார். ஈரத்துண்டைப் பிழிந்த கைகள், அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தன. நான் படியில் உதிர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள வெயில் ஜாஸ்தியா சார்," என்றார்.

கேட்டது மாதிரியும் இல்லை, கேட்காதது மாதிரியும் இல்லை. தலையிலிருந்த துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டு, ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அவருடைய நுரையீரலுக்காகத் தள்ளி உட்கார வேண்டும் என்பது ஞாபகம் வந்து, செங்கல் ஓட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நீங்க உள்ள போங்க பாய்," என்றேன். "உங்க இருமல் ஒட்டாது. அது புகை. எனக்கு முன்னாடியே தெரியும்." முன்னாடியே என்ற சொல் வாயிலிருந்து தனியாக விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

ஹால் வழியாக நடந்தார், அறைக் கதவில் கை வைத்தார், வைத்துக்கொண்டே நின்றார். "நான் போனா, சார் ஏன் வெளிய வந்தார்னு கேப்பாங்களே. அந்தப் பொண்ணு கேக்கும். இன்னா சொல்லட்டும்?"

எனக்குச் சொற்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. காற்றாட வந்தார் என்று சொல்லுங்கள். போன் வந்தது என்று சொல்லுங்கள். எல்லாம் வரிசையாக வந்து நின்றன, நன்றாக உடுத்திக்கொண்டு. பாய் அவசரப்படவில்லை. கதவில் கையை வைத்தபடி, கிரேனில் சரக்கைத் தூக்கிவிட்டு கீழேயிருந்து சைகை வரக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க," என்றேன். அது போதாது என்று தெரிந்தது. "காலையிலேருந்தே இருக்குன்னு சொல்லுங்க. தெரிஞ்சுதான் உள்ள படுத்திருந்தேன்னு. ஜன்னலைத் திறந்துட்டு, குழந்தையை வேற அறைக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. டாக்டருக்கும் போன் பண்ணிடட்டும்."

கதவு திறந்தது. தரையோடு ஒரு குளிர் வந்து என் பாதம் வரைக்கும் எட்டிவிட்டுத் திரும்பியது. கதவு மூடிக்கொண்டது. பாயின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை, ஆனால் நீளத்தை வைத்து, எதையும் குறைக்காமல் சொல்கிறார் என்று தெரிந்தது. யாரும் கத்தவில்லை. பெனிட்டா ஏதாவது சொல்லியிருக்கலாம், சத்தமாக, என் பெயரைச் சொல்லி. சொல்லவில்லை. ஸ்டூல் இழுபடுகிற சத்தம் வந்தது. ஜன்னல் பக்கம். அதன் பிறகு பிரவுன் டேப் கிழிகிற சத்தம். நான் அழுத்தி ஒட்டியிருந்தேன், இடுக்கு இடுக்காக, விரலால் நீவி. எளிதில் வரவில்லை. கொஞ்சம் கிழிந்து நிற்கிறது, மறுபடி நகத்தால் சுரண்டுகிறார்கள், மறுபடி கிழிகிறது. படியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு பக்கமும் ஒட்டியிருந்தேன்.